நெல்லை எக்ஸ்பிரஸ் படுக்கைப் பெட்டிக்கு உள்ளே: மாடல் ரயிலுக்கு உள்வேலை செய்ய முழுமையான வழிகாட்டி

கடையில் வாங்கிய மாடல் ரயில் பெட்டியை மேசையில் வைத்து, கன்னம் மேசையில் படுகிற அளவுக்குக் குனிந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். பெரும்பாலும் எதிர்ப்பக்க ஜன்னலும், அதற்கு அப்பால் உங்கள் வீட்டுச் சுவரும்தான் தெரியும். வெளியே வண்ணமும் எழுத்தும் அச்சு அசலாக இருக்கும். உள்ளே இருக்கையும் இல்லை, ஆளும் இல்லை. யார்டில் ஒதுக்கிப் போட்ட பெட்டி போல இருக்கும். இதைச் சரிசெய்ய அதிகப் பணம் வேண்டாம். வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை, மோட்டார் காயில் கட்டும் கடையின் கழிவுக் கம்பி, ஒரு டீ வடிகட்டி, நாலைந்து மாலைப்பொழுதுகள் போதும்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். சின்ன வயதிலிருந்து சென்னைக்குப் போனதெல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸில்தான். அதனால் இங்கே எடுத்துக்கொள்வது பழைய ஐசிஎஃப் வகைப் படுக்கைப் பெட்டி, குளிர்சாதனம் இல்லாதது. ஐசிஎஃப் என்பது பெரம்பூரில் இருக்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1955 முதல் பெட்டிகள் கட்டுகிறது. இந்த வகையை அது 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இப்போது வருவதெல்லாம் எல்எச்பி என்னும் புதிய வகை. அதில் படுக்கை எண்ணிக்கையும் வேறு, உள்ளமைப்பும் வேறு. இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ஐசிஎஃப் படுக்கைப் பெட்டியில் 72 படுக்கை. எட்டு எட்டாக ஒன்பது அறைகள். இந்த ஒன்பது என்ற எண்ணைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை, ஜன்னல் வழியே பார்க்கிற கண்ணுக்கு எது தெரியுமோ அதைச் செய்ய வேண்டும் என்பதை நான் மூன்று பெட்டிகளைப் பிரித்துப் போட்ட பிறகுதான் கற்றேன். முதல் பெட்டியில் கழிவறைக்குள் குழாய்கூட வைத்தேன். கழிவறை ஜன்னலில் இருப்பது மங்கல் கண்ணாடி. அந்தக் குழாயை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

வண்ணத்தையோ அளவையோ தொடும் முன், உங்கள் பெட்டியில் மணி எத்தனை என்று முடிவு செய்யுங்கள். மிடில் பெர்த்தை விரிக்க இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் அனுமதி. அதனால் பகல் என்றால் மிடில் பெர்த் முதுகுச்சாய்வாகத் தொங்கிக்கொண்டிருக்கும், எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், சைடு லோயர் இரண்டு எதிரெதிர் இருக்கையாக இருக்கும். நள்ளிரவு என்றால் மூன்று தட்டும் விரிந்து, சங்கிலி இழுபட்டு, போர்வைக் குவியல்கள் தெரியும், விளக்கு நீலமாக இருக்கும். இரண்டுக்கும் செய்யும் பாகங்களே வேறு.

நான் தேர்ந்தெடுத்தது ஒன்பதரை மணி. வண்டி கோவில்பட்டியை நெருங்குகிறது. பெரிய விளக்குகள் எரிகின்றன. ஒரு குடும்பம் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறது. ஒருவர் மட்டும் அவசரப்பட்டு அப்பரில் ஏறிப் படுத்துவிட்டார். முதல்முறை செய்பவருக்கு இந்த நேரத்தைத்தான் சொல்வேன். மிடில் பெர்த்தைத் தனியாக நிறுத்த வேண்டிய தலைவலி இல்லை, விளக்கு போட்டால் உள்ளே எல்லாம் தெரியும்.

அளவுகள்

நம் ஊரில் அதிகம் புழங்குவது ஹெச்ஓ அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு. இதன் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம். அது வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்குச் சரி. நம்முடைய 1676 மி.மீ. அகலப்பாதைக்குக் கணக்குப்படி 19.3 மி.மீ. வரவேண்டும். உள்வேலைக்கு இந்த வித்தியாசம் பொருட்டில்லை, ஏனென்றால் நாம் வேலை செய்வது சக்கரத்துக்கு மேலே.

ஐசிஎஃப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ. 87-ஆல் வகுத்தால் நீளம் 245, அகலம் 37 சொச்சம். மாடலின் சுவர் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மி.மீ. போனால் உள்ளே 35 கிடைக்கும். அதை இப்படிப் பிரிப்பேன்: குறுக்குப் படுக்கைக்கு 21, நடைவழிக்கு 7, சைடு பெர்த்துக்கு 6.5. மிச்சமுள்ள அரை மி.மீ. இடைவெளி, பெட்டியைக் கழற்றி மாட்டுவதற்கு வேண்டும். நீளவாக்கில் ஓர் அறைக்கு 21: இருக்கை 7, கால் வைக்கும் இடம் 7, எதிர் இருக்கை 7. ஒன்பது அறைக்கு 189. அறைகளுக்கு இடையிலும் இரு கோடியிலும் அரை மி.மீ. தடுப்பு பத்து, ஆக 194. மீதியை இரண்டாகப் பிரித்துக் கழிவறைக்கும் வாசலுக்கும் விட்டுவிடுங்கள். உட்காரும் பலகையின் உயரம் தரையிலிருந்து 5 மி.மீ., அப்பர் பெர்த் சுமார் 19.

இது என் பெட்டிக்கான கணக்கு. உங்களுடையதைக் கழற்றி, உள்ளளவை எடுத்து, வித்தியாசம் வந்தால் கழிவறைப் பகுதியில் கூட்டிக் குறையுங்கள். அறைகளின் அளவை மாற்றாதீர்கள். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு ஜன்னல். தடுப்பு ஜன்னலுக்கு நடுவில் வந்து நின்றால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று தோன்றும். அடுத்த முறை ரயிலில் போகும்போது தையல் டேப் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையில் உட்கார்ந்தபடியே பாதி அளவுகளை எடுத்துவிடலாம். ஒன்று மட்டும்: அளவுக்காகவோ படத்துக்காகவோ தண்டவாளத்தில் இறங்க வேண்டாம்.

தரையும் தடுப்புகளும்

தரைக்கு 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் நல்லது. கிடைக்காவிட்டால் கனமான கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டை ஃபெவிக்காலால் ஒட்டி, மேலே புத்தகம் அடுக்கி ஓர் இரவு விடுங்கள். தனித் தட்டாகவே செய்யுங்கள். பெட்டியின் அடிப்பாகத்தில் நேரே ஒட்டிவிட்டால் பிறகு எதையும் திருத்த முடியாது. தட்டின் மேல் பென்சிலால் அறைக்கோடுகளையும் நடைவழியையும் வரைந்த பிறகுதான் பசையைத் தொட வேண்டும்.

அட்டையில் செய்வதாக இருந்தால் நம் வட்டாரத்தின் ஈரத்தை மனதில் வையுங்கள். தென்காசிப் பக்கம் சாரல் காலத்திலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் அட்டை வாழைமட்டை போல வளையும். வெட்டியதும் இரண்டு பக்கமும் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கமாக வளையும்.

தடுப்புகளை ஒவ்வொன்றாக வெட்டாமல், ஒரு அட்டை அச்சு செய்து அதை வைத்துப் பத்தையும் கீறுங்கள். பிளேடைப் புதிதாக மாட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டாமல், லேசாக நாலு முறை இழுங்கள். தடுப்பு 21 மி.மீ. அகலம்தான், நடைவழிக்கு வரக்கூடாது. வண்ணம் வெளிர் பச்சையோ கிரீமோ, பெட்டிக்குப் பெட்டி மாறும். நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்துப் பூசுங்கள். தரைக்கு மங்கிய சாம்பல். நடைவழியின் நடுவில் மட்டும் கொஞ்சம் அழுக்குப் பழுப்பைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். ஆயிரம் கால் நடந்த தரை அது.

படுக்கைகள்

இங்கே நிதானமாக இருங்கள். ஜன்னலில் கண் முதலில் விழுவது ரெக்சினின் நீலத்தில்தான்.

லோயர் பெர்த்துக்கு 7-க்கு 21 மி.மீ. துண்டு 18 வேண்டும். பத்திரிகை அட்டை இரண்டு தடிமன் சேர்த்தால் மெத்தை போதுமான கனத்துக்கு வந்துவிடும். மேல்விளிம்புகளை 400 நம்பர் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மழுக்குங்கள். இந்த இரண்டு இழுப்பில்தான் அட்டை மெத்தையாகிறது. அடியில் முழுப் பெட்டியாக மூட வேண்டாம். இரண்டு கோடியிலும் சிறு கால் கொடுத்து நடுவை விட்டுவிட்டால், பிறகு சூட்கேஸ் தள்ளி வைக்க இடம் கிடைக்கும்.

முன்பு நீல இன்சுலேஷன் டேப்பை மெத்தையின் மேல் ஒட்டி ரெக்சின் ஆக்கினேன். அந்த மினுக்கம் அப்படியே அமைந்தது. ஒரு கத்திரி வெயில் போனதும் பசை கசிந்து, ஓரமெல்லாம் எழும்பி, தூசி ஒட்டிக் கறுத்துவிட்டது. 18 படுக்கையையும் உரித்தெடுத்தேன். இப்போது அக்ரிலிக் அடர்நீலம் இரண்டு பூச்சு, காய்ந்ததும் அரை மினுமினுப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. முழுப் பளபளப்பு வார்னிஷ் வேண்டாம், மெத்தை ஈரமாக இருப்பது போலத் தெரியும். உட்கார்ந்து உட்கார்ந்து வெளுத்த இடத்துக்கு, நீலத்தில் துளி வெள்ளை கலந்து, தூரிகையைப் பழைய துணியில் துடைத்துவிட்டு, விளிம்பில் மட்டும் தடவுங்கள்.

மிடில் பெர்த் தொங்கும் நிலையில் என்றால் தடுப்பின் மேல் முதுகுச்சாய்வாக ஒட்டிவிடலாம். அப்பர் பெர்த் ஜன்னலுக்கு மேலே போய்விடும். வெளியிலிருந்து தெரிவது அதன் அடிப்பாகமும் முன்விளிம்பும்தான். மேல்பக்கத்துக்கு நேரம் செலவிடாமல் அடியில் நல்ல சாம்பல் வண்ணம் கொடுங்கள். சைடு லோயருக்கு இரண்டு சிறு நாற்காலி வடிவம், முகம் பார்த்து, நடுவில் சின்ன இடைவெளி. சைடு அப்பரை ஜன்னலின் மேல்விளிம்பை மறைக்காமல் சற்று மேலே நிறுத்துங்கள்.

சங்கிலி, ஏணி, மின்விசிறி

சங்கிலிக்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போங்கள். எரிந்த மோட்டாரிலிருந்து பிரித்த கம்பியை எடைக்குப் போட வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர் முதல்முறை நான் கேட்டபோது, “இத்தன சன்னமா எதுக்கு அண்ணாச்சி, ஃபேன் கம்பியே தலைமுடி மாதிரிலா இருக்கு” என்றார். அந்தத் தலைமுடிதான் வேண்டும். 0.1 மி.மீ. கம்பி இரண்டை எடுத்து, ஒரு முனையைக் கட்டையில் ஆணியில் கட்டி, மறுமுனையைக் கை டிரில்லின் வாயில் கொடுத்து மெதுவாகச் சுற்றுங்கள். முறுக்கு நெருங்கியதும் நிறுத்தி, இரும்பு ஸ்கேலின் தட்டைப் பக்கத்தால் ஒருமுறை மட்டும் உருட்டி அழுத்துங்கள். முறுக்குகள் தட்டையாகி, ஒன்று படுத்து ஒன்று நின்று, சங்கிலிக் கண்ணி போலவே தெரியும். வெள்ளி வண்ணம் தொட்டால் முடிந்தது. நீளம் கொஞ்சம் தாராளமாக விட்டு, அப்பரின் விளிம்பில் ஒரு முனை, மேலே தடுப்பில் மறுமுனை. இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த சங்கிலியில் யாரும் படுக்க மாட்டார்கள்.

ஏணிப்படிக்கும் ஜன்னல் கம்பிக்கும் 0.2 மி.மீ. கம்பி. பத்தமடைப் பாயின் கோரை இழையை ஜன்னல் கம்பிக்கு வைத்துப் பார்த்தேன், எவ்வளவு சன்னமாகக் கிழித்தாலும் அரை மி.மீ.க்குக் குறையவில்லை. அரை மி.மீ. என்றால் நிஜத்தில் நாலு செ.மீ.க்கு மேல் தடித்த கம்பி. ரயில் ஜன்னல் மாட்டுத்தொழுவம் ஆகிவிடும். செம்புக் கம்பியே சரி.

கூண்டு மின்விசிறி இல்லாமல் நம் பெட்டி நம் பெட்டியாகாது. அறைக்கு மூன்று, ஆக 27. டீக்கடை நைலான் வடிகட்டியின் வலையை அறுத்து எடுங்கள். அப்படியே வெட்டினால் இழை பிரியும், அதனால் முதலில் நீர்த்த ஃபெவிக்காலைப் பூசிக் காயவையுங்கள். செருப்புத் தைப்பவர் வார் ஓட்டை போடும் பஞ்சில் 5 மி.மீ. அளவு கேட்டு வாங்கி, பழைய ரப்பர் செருப்பின் மேல் வலையை வைத்துத் தட்டினால் வட்டம் வட்டமாக விழும். ஒவ்வொரு வட்டத்தையும் அழிரப்பர் மேல் வைத்து, பேனா மூடியின் உருண்டை முனையால் அழுத்துங்கள். வலை குழிந்து கூண்டாகும். அடியில் கறுப்புத் தாளில் ஒரு 4 மி.மீ. வட்டம். இறக்கை செய்ய வேண்டாம். ஓடுகிற விசிறியில் இறக்கை தெரியாது.

அபாயச் சங்கிலிக்கு சிவப்பு நூல் ஒரு துண்டு, மின் சுவிட்சுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவே.

ஜன்னல்

முழு ஜன்னலுக்கும் கண்ணாடிக்குப் பதிலாக ஓஹெச்பி ஷீட் என்னும் தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுவது எல்லோரும் செய்யும் வேலை. குளிர்சாதனம் இல்லாத பெட்டியில், அதுவும் நம் ஊர் வெக்கையில், யார் கண்ணாடியை இறக்கி வைப்பார்கள்? ஷட்டரை மேலே ஏற்றிவிட்டுக் காற்று வாங்குவோம். அதனால் பெரும்பாலான ஜன்னல்களைக் கம்பியோடு திறந்தே விடுங்கள். நாலைந்தில் மட்டும் பாதிக்கு இறக்கிய கண்ணாடி, இரண்டில் முழுக்க இறக்கிய தகரக் கதவு. எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி இல்லாமல் போனதும் உள்ளே ஆள் இருப்பது தெரியும்.

ஷீட் ஒட்ட ஃபெவிகுவிக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், துடைத்தாலும் போகாது. ஃபெவிக்கால் போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். அவசர ஜன்னலுக்குக் கம்பி வைக்காதீர்கள், ஓரத்தைச் சிவப்பாக்குங்கள்.

ஆட்களும் சாமான்களும்

ஐந்தரை அடி ஆள் ஹெச்ஓவில் 19 மி.மீ. மொத்தமாகக் கிடைக்கும் பொம்மைகள் பேண்ட், கோட் போட்ட வெளிநாட்டார். அவர்களை நெல்லைக்காரர் ஆக்குவது நம் வேலை. இருக்கையில் உட்கார வைக்கக் காலைத் தொடையோடு நறுக்கலாம், ஜன்னல் மட்டத்துக்குக் கீழே தெரியாது. வேட்டிக்கு வெள்ளையில் துளி சாம்பல் கலக்க வேண்டும், சுத்த வெள்ளை கண்ணைக் குத்தும். சேலை முந்தானைக்கு எம்-சீல் மெல்லிய தகடாக உருட்டித் தோளில் போடுங்கள். எம்-சீல் இளகிய நிலையில் அரை மணி நேரம் போலத்தான் வேலைக்கு வரும், அதற்குள் இரண்டு ஆளுக்கு மேல் எடுக்காதீர்கள். திருச்செந்தூர் போய்த் திரும்புகிறவர் ஒருவர் இருக்கட்டும், பச்சை வேட்டி, நெற்றியில் ஊசி முனையால் ஒரு வெள்ளைக் கோடு.

72 பேரையும் உட்கார வைக்காதீர்கள். ஓர் அறையில் எட்டுப் பேர் நெருக்கமாக, அடுத்ததில் இரண்டே பேர், ஒருவர் நடைவழியில் நின்று மேலே பையை ஏற்றுகிறார் என்று கலைத்துப் போடுங்கள். முகம் வரைய வேண்டாம். கண் வைத்தால் பேய் முழி முழிக்கும். தலைமுடியும் தோல்நிறமும் போதும்.

சாமான்களில்தான் ஊர் தெரியும். மஞ்சள் துணிப்பை நாலு, கைப்பிடி 0.1 கம்பி. அல்வா வாங்கிய அட்டைப்பெட்டி, கட்டிய நூலோடு. ஓலைக் கொட்டானில் கருப்பட்டி. கொட்டானுக்கு நிஜப் பனையோலையையே 4 மி.மீ. சதுரமாக மடக்கலாம், அதன் நரம்பே முடைந்தது போலத் தெரியும். ஒரு வாழைத்தார், எம்-சீலில், பச்சையும் மஞ்சளுமாக. நெல்லைக்காரர் சென்னை மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போக மாட்டார்.

பனையோலை என்றதும் இன்னொன்று. நீங்கள் செய்வது பழைய மீட்டர்கேஜ் பாசஞ்சராக இருந்தால், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று நின்று நின்று திருச்செந்தூர் போன வண்டி மாதிரி, இருக்கை ரெக்சின் இல்லை, மரச்சட்டம். முற்றிய ஓலையை நரம்பு வாக்கில் அரை மி.மீ. அகலக் கீற்றாகக் கிழித்து, இடைவெளி விட்டு ஒட்டுங்கள். வண்ணமே வேண்டாம். ஓலை தானாகப் பழுத்து, உட்கார்ந்து தேய்ந்த மரத்தின் நிறத்துக்கு வரும். தேக்கு சீவலைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

விளக்கு

விளக்கு போடும் முன் கூரையின் உள்பக்கத்துக்கும் சுவரின் உள்பக்கத்துக்கும் கறுப்பு ஒரு பூச்சு, அதன் மேல் வெள்ளையோ கிரீமோ கொடுங்கள். கறுப்பை விட்டுவிட்டால் வெளிச்சம் பிளாஸ்டிக்கை ஊடுருவி, பெட்டி முழுவதும் மின்மினி போல ஒளிரும்.

தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பதாக இருந்தால் வரிசை இது: சக்கரத்தில் உரசும் பித்தளைத் தகடு, அங்கிருந்து மெல்லிய வயர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர், மின்தடை, பிறகு 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப். ரெக்டிஃபையர் இருப்பதால் வண்டி எந்தத் திசையில் ஓடினாலும் விளக்கு எரியும். கெபாசிட்டர் சிமிட்டலைக் குறைக்கும். அதன் நெகட்டிவ் காலைப் பார்த்து இணையுங்கள், மாற்றினால் வெடிக்கும். மின்தடைக்கு 470 ஓமில் தொடங்கி, கண்ணுக்கு இதமாகும்வரை 1 கிலோஓம், 2.2 கிலோஓம் என்று கூட்டிப் பாருங்கள். பலரும் ஸ்ட்ரிப்பை நேரே கொடுத்துவிடுகிறார்கள். அது ரயில் பெட்டியாக இல்லாமல் நகைக்கடை ஆகிவிடுகிறது. போகி, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், திரும்பும் இடத்தில் வயருக்குத் தளர்வு விடுங்கள், இல்லாவிட்டால் வளைவில் தடம் புரளும்.

தண்டவாளத்துக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து வண்டியை ஓட்டும் சாதாரண டிசி கன்ட்ரோலரில் ஒரு குறை உண்டு. வண்டி நின்றால் தண்டவாளத்தில் மின்சாரம் இருக்காது, ஸ்டேஷனில் பெட்டி இருட்டாகிவிடும். வண்டி நிற்கும்போதுதான் நாம் உள்ளே பார்ப்போம். அதனால் டிசி வைத்திருப்பவர்களுக்கு நான் பேட்டரியைச் சொல்வேன். சிஆர்2032 பட்டன் செல் இரண்டைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட். அறைக்கு ஒரு சிறு வெள்ளை எல்இடி, ஒவ்வொன்றுக்கும் 4.7 கிலோஓம், கழிவறைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு குட்டி ஸ்லைடு சுவிட்ச். முப்பது மணி நேரம் போல எரியும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பட்டன் செல்லைத் திருகாணி போட்டு மூடிய இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மூடும் முன்

எடையைப் பாருங்கள். அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் கணக்குப்படி இந்த நீளத்துக்கு 165 கிராம் போல இருக்க வேண்டும். குறைந்தால் தரைத்தட்டுக்கு அடியில் ஈயமோ இரும்பு வாஷரோ ஒட்டலாம். மேலே வைத்தால் வளைவில் சாயும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.

கூரையை ஒட்டாதீர்கள். கோந்து வேண்டாம், இரு கோடியிலும் சிறு காந்தம் போதும். ஆள் ஒருவர் கழன்று விழுந்தாலோ செல் தீர்ந்தாலோ திறந்துதான் ஆக வேண்டும்.

இனி வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்து, மறுபடி கன்னத்தை மேசையில் சாயுங்கள். ஏதாவது ஓர் ஜன்னலில் கம்பிக்கு வெளியே ஒரு முழங்கை எட்டிப் பார்க்கட்டும். என் பெட்டியில் அது மூன்றாவது அறை, ஜன்னலோர லோயர், நீலச் சட்டை. அவரை ஒட்டும்போது மட்டும் இடுக்கி இல்லாமல் விரலாலேயே ஒட்டினேன், சட்டையின் தோளில் என் ரேகை இன்னும் இருக்கிறது.